இதய டாக்டரிடம் காட்டப் போகிறீர்களா? எந்த இடம் எதற்குத் தேறும், கையில் என்ன இருக்க வேண்டும்

இதய நிபுணரின் அறைக்குள் ஒருவருக்குப் பெரும்பாலும் பத்து நிமிடம் கிடைக்கிறது. கூட்டம் இருந்தால் ஐந்துதான். அதிலும் பாதி, பையைத் துழாவி பழைய ரிப்போர்ட்டைத் தேடுவதிலும், "அந்த மஞ்சள் மாத்திரை, பேர் மறந்துபோச்சு" என்று யோசிப்பதிலும் போய்விடும். மிச்சத்தில்தான் வைத்தியம். தமிழ்நாட்டில் இதயத்தைக் காட்டப் போகக்கூடிய இடங்களை இங்கே ஒவ்வொன்றாக எடைபோடுகிறோம். அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்தப் பத்து நிமிடம் எங்கே உருப்படியாகக் கழிகிறது? கட்டடமும் ஏ.சி.யும் கணக்கில் இல்லை.

அதற்கு முன் ஒரு விஷயம். நடுநெஞ்சில் கல்லை வைத்ததுபோல் பாரம், அது தோளுக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குப்பென்று வியர்ப்பது, ஓய்வெடுத்தும் கால் மணி நேரத்தில் தணியாதது. இதற்கு டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. உடனே 108. கேஸ் என்று சொல்லி சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் ஆகியோருக்கு வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதும் சோர்வும் வியர்வையும் மட்டும் வரலாம். கேத் லேப் (அடைப்பைப் படமெடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறை) உள்ள மருத்துவமனை தூரம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரை கிடைக்கும். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரல் 75 மி.கி. 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8 என மொத்தம் 14 மாத்திரை கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

இனி எழுதுவதெல்லாம் அவசரம் இல்லாதவர்களுக்கு.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது?

எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. பொது மருத்துவம் மூன்று வருடம், அதற்கு மேல் டி.எம். கார்டியாலஜி மூன்று வருடம். இதுதான் இதய நிபுணருக்கான படிப்பு. டி.என்.பி. கார்டியாலஜியும் அதே தகுதிதான். கிளினிக்கல் கார்டியாலஜியில் இரண்டு வருட டிப்ளமா முடித்தவர்களும் 'இதய நோய்' என்று பலகை வைக்கிறார்கள். ஈ.சி.ஜி. பார்க்கவும் பிரஷர் மாத்திரையைச் சரிசெய்யவும் அவர்களால் முடியும். ஆனால் டி.எம். வேறு, அது வேறு. ஆஞ்சியோ (இதய ரத்தக் குழாய்களில் அடைப்பைப் பார்க்கும் படம்) வரை போகக்கூடிய பிரச்சினைக்கு டி.எம். முடித்தவரையே பாருங்கள். எம்.சிஎச். என்றிருந்தால் அவர் இதய அறுவை நிபுணர். முதல் தடவை காட்ட வேண்டியது அவரிடம் அல்ல.

மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை வைத்து மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

டி.எம். முடித்தவர்களுக்குள்ளும் பிரிவு உண்டு. அடைப்பு, ஸ்டென்ட் (அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை) பார்ப்பவர் ஒருவர். படபடப்பு, திடீர் மயக்கம், பேஸ்மேக்கர் என்றால் இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் நிபுணர். பிறவியிலேயே ஓட்டை உள்ள குழந்தை என்றால் குழந்தைகள் இதய நிபுணர். மாதக்கணக்கில் படபடப்போடு திரிபவர் ஸ்டென்ட் நிபுணரிடமே திரும்பத் திரும்பப் போய் 'அடைப்பு இல்லை' என்ற பதிலோடு வீடு திரும்புவது இந்தப் பிரிவு தெரியாததால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வெறும் பிரஷர், வெறும் கொலஸ்ட்ரால் என்றால் இதய நிபுணரே தேவையில்லை. பொது மருத்துவர் போதும். பல வருடமாக உங்களைப் பார்க்கும் பொது மருத்துவர் எழுதித் தரும் நாலு வரிக் கடிதம், நிபுணரின் அறையில் ஒரு கோப்பு நிறைய ரிப்போர்ட்டைவிட மதிப்புப் பெறும்.

அரசு மருத்துவமனை ஓ.பி.

சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை, 2023 ஜூனில் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. மதுரையில் ராஜாஜி. இவற்றின் இதயப் பிரிவுகளில் நல்ல கூட்டம், நல்ல கை. ஒரு நாளைக்கு இங்கே வந்து போகும் விதவிதமான இதயநோயைத் தனியார் கிளினிக்கில் மாதக்கணக்கில் உட்கார்ந்தாலும் பார்க்க முடியாது. டெஸ்ட் எழுதினால் அதனால் யாருக்கும் வருமானம் இல்லை. எழுதினால் தேவை என்றே நம்பலாம். இதுதான் இதன் மிகப் பெரிய பலம்.

குறை என்ன? காத்திருப்பு. எக்கோவுக்கு (இதய ஸ்கேன்) வேறு ஒரு நாள் தேதி தருவார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர் பார்ப்பார். இந்த மூன்றாவது குறைக்கு வழி இருக்கிறது. இங்கே யூனிட் முறை, ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட ஓ.பி. நாள். முதல் சீட்டில் உள்ள யூனிட்டையும் கிழமையையும் நோட்டின் அட்டையில் பெரிதாக எழுதிவையுங்கள். அதே கிழமையில் போனால் அதே குழுவிடம் போவீர்கள். கிழமை மாறிப் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. ஸ்டென்ட்டும் பைபாஸும் இதில் அடக்கம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் சாதாரண ஓ.பி. கன்சல்டேஷனுக்கு இந்த அட்டையை நீட்டினால் கட்டணம் குறையாது, இது படுக்கை வைத்தியத்துக்கான அட்டை. நோய் வந்தபின் வருமானச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. அலுவலகம் அலைவதைவிட, நடமாட முடிகிற இப்போதே ரேஷன் கார்டு, ஆதாரோடு போய்ப் பதிந்துவைப்பது நல்லது.

எங்கள் தீர்ப்பு: பெரிய முடிவுக்கு, அதாவது ஆஞ்சியோ வேண்டுமா, ஆபரேஷன் வேண்டுமா என்பதற்கு, அரசு மருத்துவமனை இதய நிபுணரின் கருத்தைக் கேட்பது வசதியுள்ளவர்களுக்கும் பயனுள்ளது.

பெரிய தனியார் மருத்துவமனை, மாலை கிளினிக்

தனியாரில் வேகம் இருக்கிறது. ஈ.சி.ஜி., ரத்தம், எக்கோ, டிரெட்மில் (நடக்கவிட்டு எடுக்கும் ஈ.சி.ஜி.) எல்லாம் ஒரே நாளில் முடிந்துவிடும். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு இது நிஜமான வசதி. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: "டாக்டரைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க" என்று கவுன்ட்டரிலேயே நீட்டப்படும் பட்டியல். ஈ.சி.ஜி. என்றால் சரி, தொந்தரவோடு இதய டாக்டரிடம் வருபவர் எல்லோருக்கும் அது தேவை. எக்கோவும் டிரெட்மில்லும் டாக்டர் பார்த்த பிறகு எழுத வேண்டியவை. "டாக்டர் பார்த்துட்டுச் சொல்லட்டும், அப்புறம் எடுத்துக்கறோம்" என்று மரியாதையாகச் சொல்லலாம். தப்பே இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் பொதுப் பிரிவு, பிரைவேட் பிரிவு என இரண்டு பதிவு உண்டு. பொதுப் பிரிவில் கட்டணம் குறைவு, மேற்படிப்பு டாக்டர்கள் முதலில் பார்ப்பார்கள், காத்திருப்பு கூடுதல். குறிப்பிட்ட மூத்த மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் பிரைவேட் பதிவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு போய் நிற்பவர்கள் நிறைய.

மாலை கிளினிக்தான் தொடர் வைத்தியத்துக்கு ஏற்ற இடம் என்பது எங்கள் கருத்து. ஒரே டாக்டர், ஒரே ஃபைல். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் போய்ச் சொல்ல ஒரு முகம் இருக்கிறது. போன் செய்யும்போதே இரண்டு கேள்வி: மறுபடி காட்ட வந்தால் எத்தனை நாள் வரை கட்டணம் இல்லை? எக்கோ அங்கேயே எடுக்கிறார்களா, எடுப்பது யார்?

டாக்டர் எப்படி என்பது முதல் வருகையிலேயே தெரிந்துவிடும். நாடி பிடித்துப் பார்க்கிறார், முதல் தடவை இரண்டு கையிலும் பிரஷர் எடுக்கிறார், கணுக்காலை அழுத்தி வீக்கம் பார்க்கிறார், பழைய ஈ.சி.ஜி.யையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார், புகையிலைப் பழக்கம் கேட்கிறார் என்றால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டெதஸ்கோப்பே வைக்காமல் ரிப்போர்ட்டை மட்டும் புரட்டி ஆஞ்சியோ தேதி சொல்பவராக இருந்தால் இன்னொருவரிடமும் காட்டுங்கள்.

காணொளி வழியாகப் பார்ப்பது, அரசின் இலவச இ-சஞ்சீவனி உட்பட, ரிப்போர்ட் காட்டவும் மாத்திரை அளவு கேட்கவும் உதவும். முதல் வருகைக்கு உதவாது. வால்வின் முணுமுணுப்பு சத்தம் கேமராவில் கேட்காது.

ஹார்ட் செக்கப் பேக்கேஜ்: பரிந்துரைக்கவில்லை

பிறந்தநாள் சலுகை, தீபாவளிச் சலுகை என்று வரும் இந்த பேக்கேஜ்களில் பொதுவாக ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனைகள் இருக்கும். தொந்தரவே இல்லாத, ஆபத்துக் காரணி குறைந்த ஆளுக்கு ஈ.சி.ஜி.யோ டிரெட்மில்லோ எடுத்து அடைப்பைத் தேட வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-லேயே சொல்லிவிட்டது. காரணம் எளிது. ஆபத்துக் குறைந்தவர்களிடம் டிரெட்மில் 'பாசிட்டிவ்' என்று காட்டினால் அது பொய்யாக இருக்கும் வாய்ப்பே அதிகம், பெண்களிடம் இன்னும் அதிகம். அந்தப் பொய்யைத் தீர்க்க ஆஞ்சியோ, அதற்கு ஒரு அட்மிஷன், வீடெங்கும் பயம். மறுபக்கம், நடந்தால் நெஞ்சு அடைக்கிறது என்பவர் பேக்கேஜில் ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்ததும் நிம்மதியாகிவிடுகிறார். ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. நார்மலாக இருந்தும் உள்ளே பெரிய அடைப்பு இருக்கலாம். ஆக, இரண்டு வகை ஆட்களுக்கும் இது சரியான வாசல் இல்லை.

அந்தப் பணத்தில் பிரஷர், மூன்று மாத சர்க்கரை அளவு, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் லிப்போபுரோட்டீன் ஏ என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடவை எடுத்தால் போதும்.

போவதற்கு முந்தைய வாரம்

வீட்டில் பிரஷர் எடுத்து எழுதிக்கொண்டு போவதைப்போல் டாக்டருக்கு உதவுவது வேறில்லை. மேல்கையில் கட்டும் கருவி வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். வாங்கும் முன் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றளவை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 22 முதல் 32 செ.மீ. வரை என்றால் வழக்கமான பட்டை, அதற்கு மேல் 42 வரை பெரிய பட்டை. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மாத்திரை ஏறும், பிறகு எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடித்திருந்தால் அரை மணி கழித்து, முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். சப்பணம் வேண்டாம், கால் மேல் கால் வேண்டாம், பாதம் தரையில் பதியட்டும். கை மேசை மேல், பட்டை நெஞ்சு உயரத்தில். சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் தோலின் மேல் கட்ட வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். வீட்டு அளவில் 135/85-க்கு மேல் நின்றால் பிரஷர் இருக்கிறது என்று பொருள். கூடி வந்ததை மட்டும் எழுதாதீர்கள், குறைந்து வந்ததை மட்டும் எழுதுவதும் கூடாது. எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பிறகு தொந்தரவை நாலு வரியில் எழுதுங்கள். எப்போதிலிருந்து, எதைச் செய்தால் வருகிறது, எத்தனை நிமிடம், எதனால் தணிகிறது. "மூச்சு வாங்குது" என்பதைவிட "பொங்கலுக்கு முன்னாடி மூணு மாடி ஏறுவேன், இப்ப முதல் மாடித் திருப்பத்துலயே நிக்கறேன்" என்பதில் டாக்டருக்குப் பாதி விடை இருக்கிறது. ராத்திரி தலையணை ஒன்று இரண்டானதா? தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தீர்களா? அதையும் எழுதுங்கள். வலி எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் கை போகிற இடத்தைக் காட்டுங்கள். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுகிற வலியும் உள்ளங்கையை நெஞ்சில் பதித்துக் காட்டுகிற வலியும் ஒன்றல்ல, டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65-க்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பட்டியலாக எழுதுவதைவிட அட்டையாகவே எடுத்துப் போங்கள். பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி கிழிக்காத பக்கம் இருக்கட்டும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையும், சூரணம், லேகியமும் அதே பையில் வர வேண்டும். சில வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பை மோசமாக்கும். ஆண்மைக்கான மாத்திரை எடுப்பவர் வீட்டார் முன் சொல்லக் கூச்சப்பட்டால், டாக்டரிடம் தனியாக ஒரு நிமிடம் கேளுங்கள். அதோடு நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய்விடும்.

ஈ.சி.ஜி. காகிதம் பற்றி. பல இடங்களில் தரும் பளபளப்பான சுருள் காகிதம் வெப்பத்தில் பதிவாகும் வகை. நாள்பட மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடையில் கொடுத்தால் சூட்டில் முழுக்கக் கறுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பகல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, பெயரும் தேதியும் நேரமும் தெரிய, நேர் மேலிருந்து போனில் படம் எடுங்கள். எடுத்த நேரத்தில் வலி இருந்ததா இல்லையா என்று ஓரத்தில் எழுதுங்கள். வலியின்போது எடுத்த ஈ.சி.ஜி. பொன்னுக்குச் சமம். ஆஞ்சியோ முன்பே செய்திருந்தால் சி.டி.யோ பென் டிரைவோ வேண்டும். '80 சதவீத அடைப்பு' என்ற ஒரு வரியை வைத்து இன்னொரு டாக்டர் எதுவும் சொல்ல முடியாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

துணைக்கு யார் வருவது? பணம் கட்டும் மகனைவிட, தினம் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மருமகளோ மகளோ வருவது மேல்.

அன்று காலை

வெறும் வயிற்றோடு, மாத்திரையும் போடாமல் வருவதுதான் நாங்கள் அதிகம் காணும் தவறு. மாத்திரை இல்லாததால் பிரஷர் ஏறி நிற்கும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், மறுநாள் எல்லா மாத்திரையும் சேர்ந்து இறக்கிவிடும். சொல்லியிருந்தால் ஒழிய, சாப்பிட்டு, வழக்கமான மாத்திரை போட்டுக்கொண்டே போங்கள். சாப்பிடாத ரத்தம் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்வார்கள். அப்போதும் தண்ணீர் குடிக்கலாம்.

டிரெட்மில் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லி மாதிரி லேசான உணவு, காபி டீ இல்லை. புடவை, வேட்டி, செருப்பு ஒத்துவராது. சுடிதாரோ பேன்ட்டோ, ஷூவோடு. 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை நாடி ஏற வேண்டும். ஐம்பது வயதுக்காரருக்குச் சுமார் 145. நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், அட்டெனோலால், பைசோப்ரோலால் போடுபவர்களுக்கு நாடி அவ்வளவு ஏறாது, டெஸ்ட் முடிவு சொல்லாமல் நின்றுவிடும். நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள் என்று முன்கூட்டியே கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எக்கோவுக்குத் தயாரிப்பு எதுவும் இல்லை. போன தடவை 60 சதவீதம், இந்தத் தடவை 56 என்று இதயத்தின் பம்பிங் சக்தி குறைந்து தெரிந்தால் கலங்க வேண்டாம். எடுக்கும் ஆள் மாறினாலே அந்த அளவு வித்தியாசம் வரும்.

ஆஞ்சியோ என்று சொன்னால்

எந்த டெஸ்ட் எழுதினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுல என்ன வந்தா என்ன மாத்துவீங்க டாக்டர்?" எப்படி வந்தாலும் அதே வைத்தியம்தான் என்றால் அந்த டெஸ்ட் காத்திருக்கலாம்.

மாரடைப்பின்போது ஸ்டென்ட் உயிர் காக்கும், அங்கே இரண்டாம் கருத்துக்கு நேரமில்லை. நடந்தால் வலி, நின்றால் சரி என்று மாதக்கணக்கில் நிலையாக இருப்பவரின் கதை வேறு. 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற ஆய்வில் 5,179 பேரைப் பார்த்தார்கள். மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ உடனே செய்தவர்களுக்கும், மருந்தில் தொடங்கியவர்களுக்கும் மரணத்திலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலி குறைந்தது மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் கூடுதல். இடது பிரதான குழாயில் அடைப்பு, பம்பிங் மிகக் குறைவு உள்ளவர்களுக்கு இந்த ஆய்வு பொருந்தாது. எனவே நிலையாக இருப்பவருக்கு ஒரு வாரம் எடுத்து இன்னொரு டாக்டரிடம் காட்ட நேரம் இருக்கிறது. ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துப் போடுமுன்பே, அடைப்பு இருந்தால் அதே மேசையில் ஸ்டென்ட் வைப்பதா, வெளியே வந்து பேசி முடிவெடுப்பதா என்று தீர்மானித்துச் சொல்லிவிடுங்கள். நோயாளி உள்ளே படுத்திருக்க, திரையைக் காட்டி "இப்பவே சொல்லுங்க" என்று கேட்கும்போது எந்தக் குடும்பத்தாலும் நிதானமாக யோசிக்க முடியாது.

ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியது அப்போது 29,600 ரூபாய், பிறகு அது மாறி வந்திருக்கிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயரும் விலையும் தனி வரியில் இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து உரிக்கும் ஸ்டிக்கரில் பெயர், அளவு, பேட்ச் எண் இருக்கும். அதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதற்குக் கீழேயே, ஸ்டென்ட் வைத்த தேதியையும் குளோபிடோகிரல் எத்தனை மாதம் என்பதையும் டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள். நாளை பல் பிடுங்கப் போகும்போது "அந்த மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்துங்க" என்று யாராவது சொன்னால், நிறுத்துமுன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு இதய டாக்டரிடம்தான் முதலில் போக வேண்டும்.